கடலோரத்தில் தங்கும் விடுதியும் சாப்பாட்டுச் சாலையும்: காவிரிக் கழிமுகக் கரையாருக்குச் சில யோசனைகள்

பூம்புகார் முதல் கோடியக்கரை வரையிலுள்ள கடற்கரைக்கு ஆண்டு முழுவதும் வெளியூர் ஜனங்கள் வந்து போகிறார்கள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்துகொள்வதற்காகக் குடும்பங்கள் சுற்றம் சூழ வருகின்றன. நாகூர்க் கந்தூரிக்கும், ஆகஸ்டு 29-ஆம் தேதி கொடியேறிச் செப்டம்பர் 8-ஆம் தேதி நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் சாதி சமய பேதமின்றிப் பெருங்கூட்டம் திரளுகிறது. தரங்கம்பாடியில் 1620-ஆம் ஆண்டில் டேனியர் நிறுவிய கோட்டையைக் காணப் பள்ளிப் பிள்ளைகளும் சரித்திரப் பற்றுடையோரும் வருவர். குளிர்காலத்தில் கோடியக்கரைக்குப் பறவை பார்ப்போர் வருவர். இவ்வளவு பேர் வந்தும், அவர்கள் செலவிடும் பணத்தில் கடலோரக் குப்பங்களில் தங்குவது சொற்பமே. கரையிறங்கிய மீன் ஐஸ் பெட்டியிலேறி வெளியூருக்குப் போகிறது. கரைக்கு வந்த மனிதரோ வெளியூர்ச் சரக்கில் சமைத்த உணவை உண்டு திரும்புகிறார். இவ்விரண்டையும் ஓர் இலையில் சந்திக்கச் செய்வதே கடலோர விடுதியின் வேலை. ஒரு குடும்பம் தன் பழைய ஓட்டு வீட்டைச் செப்பனிட்டு, நான்கு அறைகளும் ஒரு சமையற்கட்டும் கொண்டு அதைத் தொடங்கக்கூடும். ஆனால் கணக்கறியாமல் தொடங்கிய விடுதி, வீட்டையும் கடனில் மூழ்கடித்துவிடும்.

வழிப்போக்கருக்கு உணவளித்தல் இப்பிரதேசத்துக்குப் புதிதன்று. தஞ்சை மராட்டிய அரசர்கள் ராமேசுவரம் செல்லும் பெருவழியில் சத்திரங்கள் கட்டி, அவற்றுக்கு நிலமானியமும் விட்டிருந்தனர். காசு வாங்கிச் சோறு போடுவதைக் குறைவாக எண்ணிய காலம் அது. அந்தக் கூச்சத்தின் வாசனை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. விருந்தினரிடம் விலை சொல்லத் தயங்கி, பின்னர் வட்டிக்காரனிடம் தயக்கமின்றிச் செல்வோர் உண்டு. சத்திரத்துக்கு மானியநிலம் நெல் கொடுத்தது. விடுதிக்கு அதன் வரவே மானியம்.

அறைக் கணக்கு

நான்கு அறைகள் ஆண்டுக்கு 365 இரவுகள் திறந்திருந்தால் மொத்தம் 1,460 அறையிரவுகள் ஆகும். கடன் வட்டி, ஓடு மாற்றுதல், சுண்ணாம்பு அடித்தல், மின்சாரம், ஒரு வேலையாளின் சம்பளம் ஆகியவை சேர்ந்து ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் நிலையான செலவென்று வைத்துக்கொள்வோம். இந்தத் தொகை கணக்கு முறையைக் காட்டுவதற்கே கொள்ளப்பட்டது. அவரவர் செலவை அவரவரே எழுதிப் பார்க்க வேண்டும். 3,60,000-ஐ 1,460-ஆல் வகுத்தால் ஓர் இரவுக்கு ஏறக்குறைய 247 ரூபாய் வருகிறது. இதைக் கண்டு, 500 ரூபாய் வாடகை வைத்தால் பாதிக்குப் பாதி லாபம் என்று மகிழ்வது இயல்பு. ஆனால் அறைகள் எல்லா இரவும் நிரம்புவதில்லை. மூன்றில் ஒரு பங்கே நிரம்பினால் விற்கும் இரவுகள் 486 மட்டுமே. அப்போது ஓர் இரவின் அடக்கவிலை ஏறக்குறைய 740 ரூபாய். ஐந்நூறு ரூபாய் வாடகை வாங்கும் விடுதிக்காரர் ஒவ்வொரு விருந்தினருக்கும் 240 ரூபாய் கையிலிருந்து கொடுத்து வழியனுப்புகிறார். வீட்டில் ஆள் நடமாட்டம் இருப்பதால் வியாபாரம் நடப்பதாகவே எண்ணிக்கொண்டிருப்பார். துவைப்புக் கூலி, சோப்பு முதலியவை இதற்கு மேற்பட்டவை.

திருவிழா நாட்களில் மாத்திரம் வாடகையை மூன்று மடங்காக ஏற்றி நஷ்டத்தைச் சரிக்கட்டலாம் என்று கருதுவோர் உண்டு. அந்தப் பத்து நாட்களில் வந்தவர் மறுபடி வரமாட்டார். சாப்பாட்டினால் அறைகளை நிரப்புவதே நல்ல வழி. அறையில் தங்காதவரும் உண்ண வரலாம். உண்டு தேறியவர் அடுத்த முறை தங்க வருவார். ஆகவே இவ்வகை விடுதிக்குச் சமையற்கட்டே முதல். கட்டில் மெத்தைகள் அதற்கு அடுத்தபடி.

மீன் வாங்கும் முறை

மீன் விலையை அறுத்த பின்னரே கணக்கிட வேண்டும். நான்கு கிலோ எடையுள்ள வஞ்சிரம் ஒன்றை, கிலோ 800 ரூபாய் வீதம் 3,200 ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்ததாகக் கொள்க. தலை, குடல், துடுப்பு, வால் நீங்கினால் துண்டாகக் கிடைப்பது ஏறக்குறைய 2 கிலோ 600 கிராம். அப்போது துண்டின் அடக்கவிலை கிலோவுக்கு 1,230 ரூபாய். நூறு கிராம் துண்டு ஒன்று, எண்ணெயும் மசாலாவும் விறகும் சேருமுன்பே, 123 ரூபாய். இதையே மத்தியில் பார்த்தால், கிலோ 150 ரூபாய் வீதம் வாங்கிச் சுத்தம் செய்தபின் 650 கிராம் தேறினால், நூறு கிராமுக்கு 23 ரூபாய்தான் ஆகிறது. விருந்தினர் பெயர் தெரிந்த மீனையே கேட்பர். வஞ்சிரத்தையும் வாவலையும் தவிர மற்றவற்றை அவர்கள் அறியாதது அவர்கள் குற்றமன்று. மத்தி, கிழங்கான், சங்கரா, காரப்பொடி, நெத்திலி இவற்றைப் பக்குவமாகச் சமைத்து முதல்முறை உண்ணச் செய்வது விடுதிக்காரரின் பொறுப்பு. அதனால் விருந்தினருக்கும் செலவு குறையும். சிறுபடகுக்காரருக்கும் அன்றாடம் விற்பனை உண்டாகும். வஞ்சிரத்தின் தலையை எறிந்துவிடாமல் குழம்புக்குச் சேர்க்க வேண்டுமென்று கடற்கரையாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் பட்டணத்தில் பயின்ற சமையற்காரரை வைப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

இக்கரையில் படகுக்காரர் பலர் வலைக்கும் எஞ்சினுக்கும் மீன் வியாபாரியிடம் முன்பணம் பெற்றிருப்பர். அதனால் பிடித்ததை அவரிடமே விற்கும் கடப்பாடு உடையவராயிருப்பர். விடுதிக்காரர் இதையறியாமல் படகுக்காரரைத் தனியே அழைத்துப் பேரம் பேசினால் மூவருக்கும் மனஸ்தாபமே மிஞ்சும். ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கும் பெண்கள் இருவர் அல்லது மூவருடன் ஒழுங்கு செய்துகொள்வது சிலாக்கியம். அன்றைய ஏல விலைக்கு மேல் அவர்களுக்கு நியாயமான கூலி கொடுத்து, பணத்தை அன்றே கையில் கொடுத்துவிட வேண்டும். கடன் சொல்லி வாங்கும் விடுதிக்கு நல்ல மீன் வராது. கூடையின் அடியில் கிடந்ததே வரும். எந்த மீன் எப்போது கொழுத்திருக்கும், எது இன்றைக்கு வேண்டாம் என்பதை அப்பெண்களைவிட நன்கறிந்தவர் இல்லை. அவர்கள் ‘இது வேண்டாம்’ என்று சொல்லும் நாளில், சொன்னதற்காக அவர்கள் வரும்படி குறையாதபடி பார்த்துக்கொண்டால், அந்த வார்த்தை தொடர்ந்து கிடைக்கும்.

இம்முறைக்கு ஏற்றது அச்சடித்த உணவுப் பட்டியலன்று. வாசலில் தொங்கும் கரும்பலகையே. காலையில் கரை சேர்ந்ததைப் பகலில் எழுதி, தீர்ந்ததை அழித்துவிடலாம். ஊர்ச் சாவு, கோயில் திருவிழா முதலியவற்றுக்காக மீனவர் பஞ்சாயத்தார் தொழிலை நிறுத்தும் நாட்களும் உண்டு. அந்த நாட்களில் ‘இன்று மீன் இல்லை’ என்று எழுதுவது கௌரவக் குறைவாகாது. மூன்று நாள் பழகிய மீனைப் புதிதென்று விற்பதே குறைவு.

ஐஸும் உடல்நலமும்

மீனின் எடைக்குச் சமமான எடை ஐஸ் வேண்டுமென்பது நமது உஷ்ண பிரதேசத்துக்குரிய விதி. ஐந்து கிலோ மீனுக்கு ஐந்து கிலோ ஐஸ். ஐஸை மேலே மட்டும் தூவாமல், அடியில் ஒரு படுகை, நடுவில், மேலே என்று அடுக்கி, உருகும் நீர் வெளியேறப் பெட்டியின் அடியில் துவாரம் விட வேண்டும். உருகிய நீரில் ஊறிய மீன் சீக்கிரம் கெடும்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற கருஞ்சதையுள்ள மீன்கள் வெயிலில் சில மணி நேரம் ஐஸின்றிக் கிடந்தால், அவற்றின் சதையில் கிருமிகளால் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகிறது. உண்டவருக்குச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பில் அரிப்பும் தடிப்பும் தோன்றும். சாதாரணமாக நாற்றத்தைக் கொண்டே மீனைச் சோதிப்பது நமது வழக்கம். இந்த விஷம் நாற்றம் தோன்றுமுன்பே இருக்கக்கூடும். அதினும் கெட்டது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. ‘நன்றாக வேகவைத்தால் எல்லாம் சரியாகும்’ என்ற நம்பிக்கை இங்கே பலிக்காது. ஆகையால் மேற்படி மீன்களைப் படகிலிருந்தே ஐஸில் வந்தால் மட்டும் வாங்குதல் வேண்டும். ஒரு விருந்தினர் விடுதிச் சாப்பாட்டினால் மருத்துவமனைக்குப் போனால், அந்தச் செய்தி ஊரெல்லையைத் தாண்ட அரை நாள் போதும்.

பச்சை மீன் அறுக்கும் பலகையும் கத்தியும், வெந்த உணவுக்கும் காய்கறிக்கும் உரியவற்றினின்று வேறாக இருத்தல் வேண்டும். பொரித்த எண்ணெயை மறுநாளும் மறுநாளும் சேர்த்துக் காய்ச்சுவது கூடாது. கெட்ட எண்ணெயின் அளவுக்கு 2018-ஆம் ஆண்டு முதல் சட்டத்தில் வரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது. இறாலும் நண்டும் சிலர் உடம்புக்கு ஒவ்வா. அவற்றைப் பொரித்த எண்ணெயில் வேறொன்றைப் பொரித்துக் கொடுத்தாலும் அப்படிப்பட்டவருக்கு ஆபத்து நேரிடலாம். பரிமாறுமுன் கேட்டுவிடுவது நலம். வீட்டில் மீன் குழம்பு மறுநாளே ருசி என்பது கடற்கரை முழுதும் அறிந்த உண்மை. விடுதியில் அந்த ருசியை விரும்புவோர், குழம்பை விரைவில் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, மறுநாள் தளதளவென்று கொதிக்கக் காய்ச்சியே பரிமாற வேண்டும். அடுப்படியில் இரவெல்லாம் கிடந்த சட்டியிலிருந்து எடுத்து ஊற்றலாகாது.

எவ்வகை உணவு

விருந்தினர் தம் ஊரில் கிடைப்பதையே இங்கும் எதிர்பார்ப்பார் என்றெண்ணி, வடநாட்டுக் குழம்பும் சீனத்து நூடுல்ஸும் செய்யத் தொடங்கும் விடுதிகள் பல. அவற்றில் பட்டணத்து ஹோட்டலுடன் போட்டியிட முடியாது. மாங்காய் போட்ட மீன் குழம்பு, கத்தரிக்காயும் கருவாடும் சேர்ந்த குழம்பு, நண்டு ரசம், இறால் தொக்கு, நெத்திலி வறுவல், முருங்கைக்கீரை, கேழ்வரகுக் கூழும் தொட்டுக்கொள்ளக் கருவாடும் என்றிவற்றில் போட்டி இல்லை. மாலைச் சிற்றுண்டிக்கு நாகூர்ப் பக்கத்து இறால் வாடா ஒன்றே போதும். கழிமுகத்து மடவையும் கொடுவாவும் கடல் மீனினின்று ருசி வேறுபட்டவை; அவற்றைத் தனியே பெயர் சொல்லிப் பரிமாறலாம். தை, மாசி மாதங்களில் பனங்கிழங்கும், கோடையில் நுங்கும் பதநீரும் கிடைக்கும். கருப்பட்டிக் காப்பி எப்பொழுதும் செய்யலாம். உப்புக்கு வேதாரண்யம் இருக்கிறது. 1930-ஆம் ஆண்டில் ராஜாஜி தொண்டர்களுடன் நடந்து சென்று உப்பெடுத்த கரை அதுவென்று சொல்லி, ஒரு சிறு கிண்ணத்தில் கல்லுப்பை இலையோரம் வைத்தால் விருந்தினர் அதைப் பற்றிக் கேட்பர், பேச்சு வளரும். அயோடின் சேர்த்த உப்பைச் சமையலுக்கு வைத்துக்கொள்வதும் அவசியமே.

கருவாடு வாங்குவதில் எச்சரிக்கை வேண்டும். மணலில் பரப்பி உலர்த்தியதில் மண்ணும் ஈயும் சேரும். மூங்கில் தட்டிகளில் தரைக்கு மேல் உயர்த்தி உலர்த்தியதற்குச் சற்று அதிக விலை கொடுத்தாலும், கழுவிக் கழிப்பது குறைவதால் கணக்கு நேராகும். அப்படி உலர்த்தித் தரும் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு ஆண்டு முழுதும் வாங்குவதாக வாக்களித்தால், அவர்கள் தட்டி கட்டும் செலவுக்குத் துணிவர். சுறாப்புட்டு இக்கரையின் புகழ்பெற்ற பதார்த்தமே. எனினும் சுறா, திருக்கைகளில் சில இனங்கள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால், மீன்வளத் துறையாரிடம் கேட்டறிந்த பின்னரே வாங்குக. ஆமையும் அதன் முட்டையும், கடலட்டையும் எக்காரணத்தாலும் சமையற்கட்டில் நுழையலாகாது.

திருக்கடையூருக்கு வருவோரில் பெரும்பாலோர் அந்த நாட்களில் புலால் உண்ணார். அவர்களையும் ஏற்க விரும்பினால் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, இயலுமானால் தனிச் சமையலாள் வேண்டும். அதற்கு இடமில்லாதவர், இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, அருகிலுள்ள சைவ உணவுச்சாலைக்கு வழிகாட்டிவிடலாம். அந்த உண்மைக்காகவே, சடங்கு முடிந்த பின்னர் அக்குடும்பத்து இளைஞர் மீன் சாப்பாட்டுக்கு வந்ததுண்டு என்று கேட்டால் கடற்கரையார் வியப்படையார்.

ஜலம்

கடலோர மணலின் கீழ் நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது; உப்புநீர் கனமானது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்குமென்பது நிலத்தடி நீர் நூலாரின் கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால் அபாயம் விளங்கும். ஆழ்குழாயிட்டு வேகமாக இறைத்து நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், அடியிலுள்ள உப்புநீர் நாளடைவில் 40 அடி மேலேறக்கூடும். விடுதிக்காரரின் குழாய் மட்டுமன்றி, அண்டை வீட்டாரின் கிணறும் உப்பேறிப்போம். ஒரு குப்பத்தில் விடுதியின்மேல் பகை பிறப்பதற்கு இதைவிட விரைவான வழி இல்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப் பின் கிணறுகள் உப்பேறி, குடிநீருக்கு வண்டியை எதிர்பார்த்து நின்ற நாட்களை இக்கரையார் மறந்திரார்.

ஆகவே ஆழமில்லாத உறைகிணறும், மெதுவாக இறைக்கும் சிறு மோட்டாரும் போதும். மழைநீரைச் சேமித்தல் இன்றியமையாதது. 1,000 சதுர அடி ஓட்டுக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிதறல் போக 7,000 லிட்டருக்குக் குறையாமல் தொட்டியில் சேரும். வடகிழக்குப் பருவமழையில் அத்தகைய நாட்களும் வருவதுண்டு. முதல் மழையை வெளியே விட்டுப் பின்னரே தொட்டிக்குத் திருப்ப வேண்டும். மலக்குழி கிணற்றினின்று 50 அடிக்குக் குறையாத தூரத்தில் இருத்தல் வேண்டும். மணலில் அசுத்தநீர் வேகமாக ஊறிப் பரவுமாதலால், இந்தத் தூரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நலம். மீன் கழுவிய நீரைத் தெருவில் விடாமல் தென்னைக்கும் வாழைக்கும் திருப்புக.

அனுமதிகள்

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இன்படி, எவ்வளவு சிறிய சாப்பாட்டுச் சாலையும் வரவுக்கு ஏற்பப் பதிவோ உரிமமோ பெற வேண்டும். அலையோரத்தில் புதுக்கட்டடம் எழுப்புவதற்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கிடும். 1991-இல் முதலில் பிறந்த இவ்விதிகள் 2011-லும் 2019-லும் புதுப்பிக்கப்பட்டன. அஸ்திவாரம் தோண்டுமுன் விசாரிப்பதற்குச் செலவில்லை. அயல்நாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பருவங்கள்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன் சினைக்கும் காலத்தைக் காக்க 2001-ஆம் ஆண்டு 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடை, பின்னர் நீட்டிக்கப்பட்டது. பள்ளி விடுமுறையும் அப்போதே வருவதால், விருந்தினர் மிகுந்து மீன் குறையும் நாட்கள் இவை. நாட்டுப்படகு மீனும், கழிமுகத்து மீனும், பங்குனியில் வாங்கி வைத்த கருவாடும், நுங்கும், காய்கறியும் கொண்டு இந்த இரண்டு மாதத்துக்கெனத் தனிச் சமையல் திட்டம் மாசியிலேயே எழுதிவைக்க வேண்டும். தடைக்காலத்தில் மேற்குக் கரையிலிருந்து வண்டியில் வரும் மீனைத் தரங்கம்பாடி மீனென்று பலகையில் எழுதுவது பொய்யாகும். வந்த இடத்தை எழுதினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிலைமை மாறும். மழையும் புயலும் விருந்தினரை நிறுத்திவிடும். படகுகளும் கரையில் கிடக்கும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்தருகே கரை கடந்தபோது ஓட்டுக் கூரைகளும் தென்னந்தோப்புகளும் ஒரே இரவில் அழிந்தன. ஆதலால் புரட்டாசி முடியுமுன் கூரையின் தளர்ந்த ஓடுகளை மாற்றி, வீட்டை ஒட்டிய பட்ட மரக்கிளைகளைக் களைந்து, கட்டடத்துக்கும் சரக்குக்கும் செய்த இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்து, அதன் பத்திரத்தையும் பேரேட்டையும் வேறோர் உயரமான வீட்டில் கொடுத்துவைக்க வேண்டும். விடுதி மூடியிருக்கும் அந்த ஆறேழு வாரங்களுக்கும் வேலையாளின் சம்பளத்தை முன்சொன்ன நிலையான செலவில் சேர்த்தே வாடகை நிர்ணயித்திருக்க வேண்டும். இல்லையேல் தை பிறந்து கதவு திறக்கும்போது, ஒரு வருஷம் பழக்கிய சமையற்காரர் திருப்பூருக்கோ சென்னைக்கோ போயிருப்பார்.